பாண்டு பணம் வேறு, சான்றிதழ் வேறு

கேள்வி: நான் ஜி.என்.எம். முடித்த ஸ்டாஃப் நர்ஸ். 2019 ஆகஸ்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். மூன்று வருட பாண்டு. இடையில் நின்றால் ஒரு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். மதிப்பெண் பட்டியல்கள், டிப்ளமோ, நர்சிங் கவுன்சில் பதிவுச் சான்றிதழ் என எல்லா ஒரிஜினலையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கொரோனா வந்ததும் தொடர்ந்து ஐ.சி.யூ. டூட்டி. இரண்டாம் அலையில் எனக்கும் தொற்று வந்தது. தனிமையில் இருந்த நாட்களுக்குச் சம்பளம் பிடித்தார்கள். 2021 மே மாதம், ‘இனி வர முடியாது’ என்று நர்சிங் சூப்பரின்டென்டென்டுக்கு வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டு நின்றுவிட்டேன். கடைசி இரண்டு மாதச் சம்பளமும் வரவில்லை. சான்றிதழை போனில் பலமுறை கேட்டேன். ‘எம்.டி. வரட்டும்’ என்பார்கள், ‘பணத்தைக் கட்டிவிட்டு வாங்கிக்கொள்’ என்பார்கள். ‘கொரோனா நேரத்தில் ஓடிப்போனதற்கு தொற்றுநோய்ச் சட்டத்தில் கேஸ் போடுவோம்’ என்றும் மிரட்டினார்கள். பயந்துபோய் உள்ளூர் கிளினிக்கில் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்க்கிறேன். இப்போது சவுதியில் வேலை கிடைத்திருக்கிறது. ஒரிஜினல் இல்லாமல் அட்டெஸ்டேஷன் செய்ய முடியாது. ‘தொலைந்துவிட்டது என்று போலீஸில் எழுதிக் கொடுத்து டூப்ளிகேட் வாங்கிவிடலாம்’ என்கிறார் ஏஜென்ட். செய்யலாமா?

— பெயர், ஊர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: செய்யவே கூடாது. உங்கள் சான்றிதழ் தொலையவில்லை. அது எங்கே, யாரிடம் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்தே தொலைந்ததாகப் புகார் கொடுப்பது பொய்த் தகவல் கொடுத்த குற்றமாகும். ஒரிஜினலைக் கையில் வைத்திருக்கும் மருத்துவமனை அதை எந்த நாளும் எடுத்துக் காட்டலாம். இப்போது நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது. அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்ட நிமிடமே அது கை மாறிவிடும்.

உங்கள் வழக்கின் உயிர்நாடி ஒன்றுதான்: பாண்டு பணத்துக்காகச் சான்றிதழைப் பிடித்து வைக்க மருத்துவமனைக்கு உரிமை உண்டா? இல்லை என்பதே என் கருத்து. வர வேண்டிய பாக்கிக்காக அடுத்தவர் பொருளைப் பிடித்து வைக்கும் பொது உரிமையை இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 171-ஆம் பிரிவு குறிப்பிட்ட சிலருக்கு மட்டுமே தருகிறது. வங்கியாளர், தரகு முகவர், துறைமுகச் சரக்குக் காப்பாளர், உயர் நீதிமன்ற அட்டர்னி, காப்பீட்டுத் தரகர் ஆகியோர் அதில் வருகிறார்கள். மற்றவர்களுக்கு வெளிப்படையான ஒப்பந்தம் வேண்டும். அப்படி இருந்தாலும், பிடித்து வைக்கும் பொருள் விலைக்குப் போகக்கூடிய பொருளாக இருக்க வேண்டும். கட்டணம் தராத கட்சிக்காரரின் வழக்குக் கட்டை வக்கீல் பிடித்து வைக்கலாமா என்ற கேள்வி ஆர்.டி. சக்சேனா வழக்கில் எழுந்தபோது, கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. வழக்குக் கட்டு சந்தையில் விற்கும் சரக்கு அல்ல என்பதே அதற்குச் சொன்ன காரணம். கல்விச் சான்றிதழும் விற்பனைப் பொருளல்ல என்று சென்னை உயர் நீதிமன்றமும் கூறியிருக்கிறது. ஆகவே பாண்டு பணம் வேறு, சான்றிதழ் வேறு.

அதற்காக, பாண்டு என்றாலே செல்லாது என்று நர்ஸ்களிடையே உலவும் பேச்சை நம்பிவிட வேண்டாம். ஒரு பொதுத்துறை வங்கி ஊழியர் வழக்கில், குறிப்பிட்ட காலத்துக்கு முன் வேலையை விட்டால் இரண்டு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. உங்கள் விஷயத்தில் ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு பார்க்கப்படும். எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதுதான் கிடைக்கும். உங்களுக்கென்று தனிப் பயிற்சி எதற்கும் செலவழிக்காத நிறுவனம் முழு லட்சத்தையும் நியாயப்படுத்துவது எளிதல்ல.

அந்தப் பணத்துக்கு அவர்கள் வழக்குப் போடவும் காலவரம்பு உண்டு. ஒப்பந்தம் மீறப்பட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுகள். கொரோனாவுக்காக 15.3.2020 முதல் 28.2.2022 வரையிலான காலத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. அதன்படி 1.3.2022-இல் தொடங்கும் மூன்று ஆண்டுகள் 28.2.2025-இல் முடிந்துவிட்டன. ஆனால் அதற்குள் உங்கள் பழைய முகவரிக்கு வழக்குப் போட்டு, ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வாங்கியிருந்தால் நிலைமை வேறு. இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் உங்கள் பெயரைப் போட்டு இன்றே தேடிப் பாருங்கள்.

இனி சொல்லப் போவது கசக்கும், சகோதரி. அவர்களுக்கு ஓடிய கடிகாரம் உங்களுக்கும் ஓடியிருக்கிறது. ஒப்படைத்த பொருளைத் திரும்பப் பெற, காலவரம்புச் சட்டத்தின் 70-ஆவது இனப்படி, கேட்டு மறுக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுகள். ‘எம்.டி. வரட்டும்’ என்பது இழுத்தடிப்பு. அதை மறுப்பு என்று சொல்ல முடியாது. ‘பணத்தைக் கட்டிவிட்டு வாங்கிக்கொள்’ என்பது மறுப்பு என்று எதிர்த்தரப்பு வாதாடும். அதை யார், எந்தத் தேதியில் சொன்னார்கள்? அந்தத் தேதி உங்கள் கடிதத்தில் இல்லை. 2021-இலேயே தெளிவாக மறுத்துவிட்டார்கள் என்றால், உரிமையியல் வழக்கு காலம் கடந்தது என்ற ஆட்சேபணை நிச்சயம் வரும். அதற்குப் பதில் சொல்ல வழிகள் உண்டு. ஆனால் அதை உங்கள் தாள்களைப் பார்த்த வழக்கறிஞர்தான் சொல்ல முடியும். அதுவரை நீங்களாக மருத்துவமனைக்குக் கடிதமோ மின்னஞ்சலோ எழுதாதீர்கள். ‘2021-இலேயே தர மறுத்தீர்கள்’ என்று கோபத்தில் நீங்கள் எழுதும் ஒரு வரி உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

பாண்டின் நகல் உங்களிடம் இருப்பதாகத் தெரியவில்லை. சான்றிதழ் கொடுத்ததற்கு ரசீது வாங்கியதாகவும் சொல்லவில்லை. ராஜினாமாக் கடிதம் இல்லை. ஐ.சி.யூ.வில் ஒவ்வொரு மருந்தையும் நேரத்தையும் சார்ட்டில் எழுதிக் கையெழுத்திடும் நீங்கள், உங்கள் வாழ்க்கை தொங்கும் காகிதத்துக்கு ஒரு நகல்கூடக் கேட்டதாகத் தெரியவில்லை. மிரட்டல் வந்த அன்றே ஒரு வழக்கறிஞரைப் பார்த்திருந்தால், ஒரு நோட்டீஸிலேயே இது முடிந்திருக்கக்கூடும். பயந்து கழித்த ஆண்டுகளின் சம்பள இழப்பை எந்த நீதிமன்றத்தாலும் திருப்பித் தர முடியாது.

அந்த மிரட்டலும் வெற்று மிரட்டல்தான். 2020-இல் தொற்றுநோய்ச் சட்டத்தில் செய்த திருத்தம் உங்களைப் போன்றவர்களைக் காக்க வந்தது. மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் மூன்று மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது அது. தனியார் மருத்துவமனை நர்ஸ் வேலையை விட்டதற்காக அந்தத் திருத்தம் தண்டிப்பதில்லை. பாண்டு காலம் முடியும் முன் நின்றது ஒப்பந்த மீறலாகலாம். அதற்குப் பரிகாரம் இழப்பீடு மட்டுமே. இத்தனை ஆண்டுகளில் நோட்டீஸோ சம்மனோ வரவில்லை என்றால் இதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சம்பள பாக்கிக்கும் மூன்று ஆண்டுகள்தான். அதே கணக்குப்படி அதுவும் 2025 பிப்ரவரியோடு முடிந்துவிட்டது. நீதிமன்றத்தில் தனியே கேட்பது கடினம். சமரசப் பேச்சில் கேட்டுப் பார்க்கலாம்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை இவை. பழைய கைப்பேசியைத் தேடி எடுத்து அந்த வாட்ஸ்அப் பதிவுகளை அழியாமல் பாதுகாத்து வையுங்கள். சம்பளம் வந்த வங்கிக் கணக்கு விவரம், பி.எஃப். பாஸ்புக், டூட்டி ரோஸ்டர் படங்கள், உங்கள் கொரோனா பரிசோதனை முடிவு ஆகியவற்றைத் திரட்டுங்கள். அனுபவச் சான்று தர அவர்கள் மறுத்தாலும், நீங்கள் அங்கே வேலை பார்த்ததை பி.எஃப். கணக்கு சொல்லும். உங்களோடு ஒரிஜினல் கொடுத்த தோழிகள் யாராவது சாட்சி சொல்ல முன்வருவார்களா என்று கேளுங்கள்.

பிறகு உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் செல்லுங்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், அங்கே வழக்கறிஞர் உதவி இலவசம். தொலைபேசி எண் 15100. வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு அவர்கள் மருத்துவமனையை அழைக்கலாம். சவுதி வேலைக்கு நாள் குறித்திருக்கும் உங்களுக்கு இதுவே குறுகிய வழி. அதில் தீராவிட்டால் வழக்கறிஞர் நோட்டீஸ், சான்றிதழை ஒப்படைக்கக் கோரும் வழக்கு, நம்பிக்கை மோசடிப் புகார் ஆகியவற்றில் எது பொருந்தும் என்பது அந்த மறுப்புத் தேதியைப் பொறுத்தது.

சமரசம் ஆனால் எதைத் தருகிறார்கள், எதைப் பெறுகிறார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். ‘இனி பாக்கி இல்லை’ என்ற வரி அதில் இருக்கட்டும். ரசீதில்லாமல் ரொக்கம் கொடுக்காதீர்கள், வெற்றுத்தாளில் கையெழுத்திடாதீர்கள்.

இதைப் படிக்கும் மற்ற நர்ஸ்களுக்கும் சொல்கிறேன்: வேலையில் சேரும்போது ஒரிஜினலைச் சரிபார்க்கக் காட்டுங்கள்; கொடுத்துவிட்டு வராதீர்கள். கொடுத்தே தீர வேண்டிய நிலை என்றால் பட்டியலிட்டு, முத்திரையோடு ரசீது வாங்குங்கள். ராஜினாமாவை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

மேலே சொன்னவை உங்கள் கடிதத்தில் உள்ளதை மட்டும் வைத்துச் சொன்னவை. பாண்டுத் தாளை நான் பார்க்கவில்லை. அதில் உள்ள ஒரு வரி முடிவை மாற்றலாம். எனவே கையில் உள்ள ஆவணங்களோடு ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். இனி ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள்.