புதிய சொராரிட்டி (மாணவியர் சங்கம்) தொடங்கும் யோசனையா?

அமெரிக்கக் கல்லூரியில் படிக்கிற மாணவிகளே, முதலில் வளாகத்தில் ஏற்கெனவே உள்ள சங்கங்களின் அறிமுகக் கூட்டங்களுக்குப் போய்ப் பாருங்கள். ஒன்று பிடித்துவிட்டால் வேலை மிச்சம்!

தனிச் சங்கமா, தேசிய அமைப்பின் கிளையா என்பதுதான் பெரிய கேள்வி. தனியாகத் தொடங்கினால் பெயர், சடங்கு, விதி எல்லாம் உங்கள் விருப்பம். காப்பீடும் கணக்கு வழக்கும் உங்கள் தலையில். கிளை என்றால் வழிகாட்ட ஆள் உண்டு, கூடவே சந்தாவும். 1902-இல் உருவான, சொராரிட்டிகளின் கூட்டமைப்பான நேஷனல் பான்ஹெலனிக் கான்ஃபரன்ஸைச் சேர்ந்த அமைப்பை நீங்களாக வளாகத்துக்கு அழைத்துவர முடியாது. வளாகத்தின் பான்ஹெலனிக் கவுன்சில் வழியாகத்தான் வர வேண்டும். தெற்காசியப் பண்பாட்டை மையமாக வைத்து 1998-இல் ஆஸ்டினில் பிறந்த கப்பா ஃபை காமா போன்ற சொராரிட்டிகளும் இருக்கின்றன.

உங்களோடு சேர்ந்து தொடங்க முன்வந்தவர்கள் எல்லோரும் இறுதியாண்டா? அப்படியானால் தள்ளிப்போடுங்கள்; நீங்கள் படிப்பு முடித்துப் போனபின் சங்கத்தை நடத்த ஆள் வேண்டுமே. பாதிப்பேராவது முதல், இரண்டாம் ஆண்டு மாணவிகளாக இருக்கட்டும்.