பெட்டிக்குள் பெட்டி : கணிப்பொறியில் தரவு தேடும் நெறி

அடுக்கி வைத்தலும் அடுக்கியதைத் தேடி எடுத்தலும் தமிழர்க்குப் புதியன அல்ல. தொல்காப்பியம் மூன்று அதிகாரமாய், அதிகாரந்தோறும் ஒன்பது இயலாய் அமைந்தது. திருக்குறள் பால், இயல், அதிகாரம், குறள் என உள்ளடங்கிச் செல்வது. கணிப்பொறியாளர் இத்தகைய அமைப்பினை உள்ளடுக்குத் தரவமைப்பு என்பர். அதனுள் இருக்கும் ஒரு பொருளை அடையும் வழியே இக்கட்டுரையின் பொருளாகும்.

குறளில் தேடுவது எளிது. அதிகாரந்தோறும் பத்துப் பாக்கள் இருத்தலின், 391ஆம் குறள் எங்குளது எனக் கணக்கிட்டே அறியலாம். அது நாற்பதாம் அதிகாரமாகிய கல்வியின் முதற்குறள். சீறாப்புராணத்தில் இக்கணக்குச் செல்லாது. விலாதத்துக் காண்டத்தில் 24 படலங்கள். நுபுவ்வத்துக் காண்டத்தில் 21. ஹிஜ்ரத்துக் காண்டத்தில் 47. படலங்களின் பாத்தொகையும் ஒத்ததன்று. ஆகவே 5027 விருத்தங்களுள் ஒன்றைச் சுட்டக் காண்டம், படலம், பா எண் என்னும் பாதை வேண்டும். பாதை என்பதனை மாணவர் நினைவிற் கொள்க.

இயற்பெயரும் சுட்டுப்பெயரும்

நிரலில் ஒரு புலத்தை அடைய ஜாவாஸ்கிரிப்ட் மொழி இருவழி தருகிறது. ஒன்று புள்ளி வழி. 'ஊர்.மாவட்டம்' என எழுதினால், 'மாவட்டம்' என்னும் பெயருடைய புலமே கிடைக்கும். மற்றொன்று பகர அடைப்பு வழி. 'ஊர்[புலம்]' என எழுதினால், 'புலம்' என்னும் மாறி அவ்வேளையில் எப்பெயரைத் தாங்கி நிற்கிறதோ அப்பெயருடைய புலம் கிடைக்கும். 'புலம்' இன்று 'மாவட்டம்' எனலாம். நாளை 'அஞ்சல் எண்' எனலாம். நிரலை மாற்ற வேண்டுவதில்லை.

முன்னது இயற்பெயர் போன்றது. பின்னது சுட்டுப்பெயர் போன்றது. 'மாணவி வந்தாள், அவளுக்கு நூல் கொடு' என்புழி, 'அவள்' யாரைக் குறிக்கும் என்பதை முன்வந்த சொல்லே உணர்த்துகிறது. உரைநடையில் இயற்பெயரின் பின்னரே சுட்டுப்பெயர் வரும் என்பது தொல்காப்பிய நெறி. மாறிக்கும் அதுவே நெறி. முதலில் மதிப்பினை ஏற்றி, அதன்பின்னரே அதனைக் கையாளல் வேண்டும்.

படிப்படியாய் உட்புகல்

அடுக்கு ஆழமாயின், பாதை முழுவதையும் ஒரு பட்டியலாக்கி மாறியில் வைக்கலாம். முதலில் பெரிய பெட்டியைக் கையிற் கொள்க. பட்டியலின் முதற்பெயரால் அதனைத் திறந்து, உள்ளிருந்து கிடைத்த பெட்டியைக் கையிற் கொள்க. அடுத்த பெயரால் அதனைத் திறக்க. பெயர்கள் தீரும்போது கையில் இருப்பதே நாம் தேடிய பொருள். மூன்றடுக்காயினும் முப்பது அடுக்காயினும் இச்சுழற்சி ஒன்றே போதும்.

இதன் தேவையை நம் ஊரே கற்பிக்கிறது. 1997இல் செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அம்பத்தூர் திருவள்ளூர் மாவட்டத்தில் அமைந்தது. 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2018இல் சென்னை மாவட்டத்துள் வந்தது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சி ஆயிற்று. ஆயினும் பூந்தமல்லியைப் போலவே திருவள்ளூர் மாவட்டத்திலேயே நின்றது. ஊர் பெயர்ந்திலது, ஊருக்குச் செல்லும் பாதையே மாறிற்று.

நாம் கற்ற பாடம்

பழைய மாணவர் பதிவேட்டினை மாவட்டம், ஊர், பெயர் என அடுக்கி, அழைப்பு மடல் அச்சிடும் சிறு நிரலொன்றை நாம் எழுதியிருந்தோம். 'திருவள்ளூர், அம்பத்தூர்' என்னும் பாதையை நிரலுக்குள்ளேயே பொறித்தோம். 2018இன் பின் பதிவேட்டில் அம்பத்தூரைச் சென்னையின்கீழ் மாற்றினோம். நிரலை மாற்ற மறந்தோம். நிரலோ பழைய இடத்திலேயே தேடிற்று. 'காணாவிடின் வெற்றுப் பட்டியல் எனக் கொள்க' என்று நாமே கட்டளையிட்டிருந்தமையால், வழுச் செய்தி எதுவும் தோன்றவில்லை. அம்பத்தூர் மாணவர் ஒருவர்க்கும் மடல் செல்லவில்லை. விழா முடிந்தபின் வழியிற் கண்ட ஒருவர், "எங்களை மறந்துவிட்டீர்களா, ஐயா?" என்றார். கணிப்பொறி பிழை செய்யவில்லை, பிழை நம்முடையது.

இதனின்று மூன்று கொள்ளத்தக்கன. பாதையை நிரலிற் பொறியாது தரவாகவே வைத்தல் ஒன்று. மாறாத அடையாளத்தால் தேடுதல் இரண்டு; மாவட்டம் மாறியும் அம்பத்தூரின் 600053 என்னும் அஞ்சல் எண் மாறவில்லை. இன்மையை மறையாதிருத்தல் மூன்று. பைத்தான் மொழியில் இல்லாத பெயரைப் பகர அடைப்பாற் கேட்டால் நிரல் நின்றுவிடும். 'கெட்' என்னும் வழியாற் கேட்டால் நாம் குறித்த மாற்று மதிப்பு வரும். பின்னது வசதியே. ஆயினும் மனிதர் பெயர் அடங்கிய பதிவேட்டில், எவ்வடுக்கில் எப்பெயர் கிடைக்கவில்லை என அறிவித்து நிற்கும் நிரலே நன்று.

'இல்லை' என்பதும், 'தேடிய இடத்தில் இல்லை' என்பதும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டினை உணர்ந்து எழுதும் மாணவரே நல்ல நிரலாளர் ஆவர் எனத் துணியலாம்.