பிள்ளைகளோடு ஒரு நாள் காஞ்சிபுரம்: 11 குறிப்புகள்

புனித வெள்ளியும் ஈஸ்டரும் சேர்ந்து வரும் விடுமுறையில், சென்னையிலிருந்து சுமார் 75 கி.மீ. தூரத்தில் உள்ள காஞ்சிபுரத்துக்குக் காலையில் போய் இரவுக்குள் திரும்பிவிடலாம். ஆனால் கோவில் கோவிலாக இழுத்துக்கொண்டு அலைந்தால் பிள்ளைகள் மதியத்துக்குள் சுருண்டுவிடுவார்கள். காலையில் ஒரு கோவில், உச்சி வெயிலில் ஒரு தறி, மாலையில் ஒரு கோவில். இவ்வளவு போதும்.

1. பஞ்சாங்கம் பார்த்துக் கிளம்புங்கள். பங்குனி உத்திரம் பௌர்ணமியை ஒட்டி வரும். ஈஸ்டரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான். அதனால் பல ஆண்டுகளில் இரண்டும் அடுத்தடுத்து வரும். உத்திரத்தன்று ஏகாம்பரநாதர் கோவிலில் கூட்டம் நெரியும். கைக்குழந்தை இருந்தால் அன்றைய தினத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

2. 8 மணிக்குள் ஊரில் இருங்கள். பெரும்பாலான கோவில்கள் 12 மணி வாக்கில் நடை சாத்தி, மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வழியாக வரும் ரயில்கள் குறைவு. திரும்பும் வண்டியின் நேரத்தையும் முதல் நாளே பார்த்து வையுங்கள்.

3. ஆளுக்கு ஒரு ஜோடி சாக்ஸ். 10 மணிக்கே கல்தரை கொதிக்கும். தடித்த பருத்தி சாக்ஸை ஒரு துணிப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

4. கட்டுச்சோறாகக் காஞ்சிபுரம் இட்லி. வரதராஜப் பெருமாளுக்குப் படைக்கும் குடலை இட்லியை, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் வேகவைப்பார்கள். வீட்டில் பச்சரிசியையும் உளுந்தையும் கொரகொரப்பாக அரைத்துப் புளிக்கவிட்டு, மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து டம்ளரில் ஊற்றி அவித்துக்கொள்ளலாம். தொட்டுக்கொள்ள மிளகாய்ப்பொடி கொண்டுபோங்கள். தேங்காய்ச் சட்னி வேண்டாம், வெயிலில் ஊசிப்போகும்.

5. தண்ணீரோடு உப்பும் சர்க்கரையும். பிள்ளை வாடிப்போனால், 1 லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் 6 சிறு கரண்டி சர்க்கரை, அரைச் சிறு கரண்டி உப்பு கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வழியில் நுங்கும் இளநீரும் கண்ணில் பட்டால் வண்டியை நிறுத்துங்கள்.

6. காலையில் கைலாசநாதர். ராஜசிம்ம பல்லவன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மணற்கல் கோவில். வாசலில் புல்வெளி இருப்பதால் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போகும். சுற்றிலும் 58 சிறு சன்னதிகள். எண்ணச் சொல்லுங்கள். தூண்களைத் தாங்கும் சிங்கங்களைத் தேடச் சொல்லுங்கள். கருவறையைச் சுற்றிவரும் குறுகிய வழியில் தவழ்ந்துதான் போகவேண்டும். பயப்படும் பிள்ளையை வற்புறுத்தாதீர்கள். சுவரில் மிஞ்சியிருக்கும் பழைய வண்ணங்களில் கை வைக்கக் கூடாது என்று முன்பே சொல்லிவையுங்கள்.

7. உச்சி வெயிலில் தறி வீடு. நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையம் பக்கத்திலேயே இருக்கிறது. நடை சாத்தியிருக்கும் நேரத்தில் நிழலில் உட்கார்ந்து பார்க்கத் தறியைவிட நல்ல இடம் இல்லை. அது ஒரு குடும்பத்தின் வீடு. வாசலில் நின்று, "அண்ணா, பிள்ளைகளுக்குக் காட்டலாமா?" என்று கேட்டு, சரி என்றால் மட்டும் உள்ளே போங்கள். தறியில் நெடுக்கே இழுத்துக் கட்டிய பாவு நூலை எண்ணெய்க் கையோடு தொடவிடாதீர்கள். ஓர் இழை அறுந்தாலும் நெசவாளர் வேலையை நிறுத்தி முடிச்சுப் போடவேண்டும்.

8. தறியில் என்ன பார்ப்பது? குழிக்குள் காலை விட்டு மிதிக்கும் நெசவாளரின் கால்களை முதலில் காட்டுங்கள். பிறகு குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாக்களை எண்ணச் சொல்லுங்கள். உடலையும் கரையையும் வேறு வேறு நிறத்தில் கோத்து நெய்யும் கோர்வைப் புடவைக்கு உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கு இரண்டு என மூன்று நாடா ஓடும். அதனால்தான் அதற்கு இரண்டு பேர் வேண்டும். முன்பெல்லாம் பள்ளிக்குப் போகவேண்டிய வயதுப் பிள்ளைகளைத்தான் பல தறிகளில் அந்தத் துணை வேலைக்கு உட்காரவைத்தார்கள். நாள்கணக்கில் நெய்யும் ஒரு புடவைக்குள் எத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது என்பதை உங்கள் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

9. புடவை வாங்குவதானால் பட்டுக் கூட்டுறவுச் சங்கக் கடைகளில் விலையும் சரிகையும் விசாரியுங்கள். அசல் சரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டிழை தெரியும். பட்டு நூலைக் கொளுத்தினால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். கடைக்குள் பெரியவர்கள் மூழ்கிவிடுவோம். யாராவது ஒருவர் பிள்ளைகளோடு வெளியே இருப்பது நல்லது.

10. மாலையில் வரதராஜப் பெருமாள். சின்னக் காஞ்சிபுரத்துக்கு ஆட்டோவில் போய்விடலாம். நூற்றுக்கால் மண்டபத்தின் மூலையில் தொங்கும் கல் சங்கிலியும், தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லியும் பிள்ளைகளுக்குத் திருவிழா. குளத்தைக் காட்டி, 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதிலிருந்து எழுந்தருளும் அத்திமரப் பெருமாளான அத்திவரதரின் கதையைச் சொல்லுங்கள். 2019இல் வந்தார், அடுத்து 2059. அப்போது தங்களுக்கு என்ன வயதாகும் என்று பிள்ளைகளே கணக்குப் போடட்டும். கூட்டத்தில் கை விட்டுப் போனால் உதவ, சட்டைப்பையில் உங்கள் கைப்பேசி எண் எழுதிய சீட்டு இருக்கட்டும்.

11. மறுநாள் வீட்டில் ஒரு தறி. அட்டையின் இரு முனைகளிலும் சிறுசிறு வெட்டுப் போட்டு, நூலை நெடுக்கே இழுத்துக் கட்டுங்கள். அதுதான் பாவு. குறுக்கே ஓர் இழைக்கு மேலே, அடுத்த இழைக்குக் கீழே என்று ஊடையைப் பிள்ளை கோக்கட்டும். நான்கு விரல் அகலம் நெய்வதற்குள் கை வலிக்கும். அப்போது அம்மாவின் கல்யாணப் புடவையை எடுத்து மடியில் வையுங்கள். தறி வீட்டில் பார்த்ததெல்லாம் பிள்ளைக்கு அதில் தெரியும்.