தொழுவக் கூரை வேலையும் விழாமற் காக்கும் முறையும்

கோவிலம்பாக்கம், மேடவாக்கம் முதலிய தென்சென்னைப் புறத்து ஊர்களில் கீற்று வேய்ந்த தொழுவங்களோடு சிமெண்டு ஷீட்டு வேய்ந்தவையும் உண்டு. 2016-ஆம் வருஷம் டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையருகே கரை கடந்தபோது இத்தகைய கூரைகள் பல பெயர்ந்து போயின. புயல் ஓய்ந்தவுடன் ஓர் ஆளை மேலே ஏற்றிச் செப்பனிடச் சொல்வது வழக்கம். ஆயின் காற்றைத் தாங்கிய ஷீட்டு ஆளையும் தாங்கும் என்று எண்ணுவது பெரும் பிழையாகும்.

கீற்றுக் கூரையில் மூங்கில் முறியுமுன் பெரும்பாலும் வளைந்தும் நெரிந்தும் எச்சரிக்கும். சிமெண்டு ஷீட்டோ ஒரு கணத்தில் உடைந்துவிடும். வெயிலிலும் மழையிலும் பழகிய ஷீட்டு மேலும் நொய்ந்திருக்கும். பாசியும் வர்ணமும் அதன் வெடிப்பை மறைக்கும். ஆணி வரிசையின்மேல் கால் வைத்தால் அபாயமில்லை என்பதும் நம்பத்தக்கதன்று. பத்து அடி உயரத்திலிருந்து விழுபவர் ஒரு நொடிக்குள் தரையை அடைவர். அப்பொழுது வேகம் மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர் ஆகும். கீழே இருப்பது கல் பாவிய தொழுவத் தரையாயின் விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆகையால் கீழிருந்தே சாரம் கட்டிச் செய்யத்தக்க வேலைக்கு ஒருவரையும் மேலே ஏற்றலாகாது. ஏறியே தீரவேண்டின் கீழ்க்கண்டவற்றைக் கைக்கொள்ளுதல் நலம்.

முதலாவது, ஷீட்டின்மேல் நேரே கால் வைக்கலாகாது. குறுக்குக் கட்டைகள் அறைந்த அகலமான பலகைகளை, அடியிலுள்ள சட்டங்களில் பாரம் இறங்கும்படி இட்டு, நழுவாதவாறு கட்டி, அவற்றின்மேல் மட்டுமே நடக்கவேண்டும். இரண்டு பலகைகளாவது இருந்தால்தான் ஒன்றில் நின்று மற்றொன்றை நகர்த்த இயலும்.

இரண்டாவது, ஏணி பன்னிரண்டு அடி உயரத்தில் சாயுமானால் அதன் அடி சுவரிலிருந்து மூன்றடி தள்ளியிருக்கவேண்டும். தலைப்பு இறவாணத்துக்குமேல் மூன்றடி நீண்டு, கயிற்றால் கட்டப்பட்டிருத்தல் வேண்டும்.

மூன்றாவது, இடுப்பில் மட்டும் கட்டிய கயிறு விழுபவரின் வயிற்றையும் முதுகையும் ஊறுபடுத்தும். தோளையும் தொடையையும் சேர்த்துத் தாங்கும் பாதுகாப்பு வாரே தக்கது. அதன் கயிற்றை உறுதியான உத்தரத்திலோ மரத்திலோ பிணைக்கவேண்டும். ஷீட்டுச் சட்டத்தில் அன்று.

நான்காவது, ஈரத்திலும் காற்றிலும் வேலை கூடாது. அருகே மின்கம்பி செல்லுமாயின் மின்சாரத்தை நிறுத்தச் செய்த பின்னரே ஏறவேண்டும். கூரையின்கீழ் மாடுகளும் மனிதரும் நிற்கலாகாது.

ஒருவர் விழுந்துவிடின் அவரைத் தூக்கி உட்காரவைத்தலும் தண்ணீர் புகட்டுதலும் தீது. முதுகெலும்பு முறிந்திருப்பின் அசைவே கால்களை முடமாக்கக்கூடும். 108-க்குச் சொல்லி, வரும்வரை தலையும் கழுத்தும் அசையாமல் காக்கவேண்டும்.

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் வலுக்கும். ஆவணியிலேயே கூரையைப் பார்த்துச் செப்பனிடும் நிலக்காரர் புயலுக்குப்பின் அவசரப்பட வேண்டியதில்லை. கிராம அலுவலர்களும் புயலுக்கு மறுநாள் ஊரைச் சுற்றும்போது, பலகையின்றி ஷீட்டில் ஏறியவரைக் கண்டால் இறங்கச் சொல்லுதல் கடமையாகும். உடைந்த ஷீட்டுக்கு மாற்று கடையில் கிடைக்கும்; உழைக்கும் குடும்பத்தலைவருக்கு மாற்று இல்லை.