விசைப்பலகையிலேயே இலக்கணம் பழகலாம்

தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்குத் தமிழ்த் தட்டச்சு கற்றுத்தர நினைக்கும் பெற்றோர் பலர், ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழை வரவழைக்கும் முறையில்தான் தொடங்குகிறார்கள். பெரியவர்களுக்கு அது வசதி. தமிழ் எழுத்தே இன்னும் கைக்கு அடங்காத பிள்ளைக்கு அது சுற்றுவழி. ல, ள, ழ வேறுபாட்டை ஒலியாகப் பழகாமல், எந்த ஆங்கில எழுத்து என்று மனப்பாடம் செய்யும்.

என் பரிந்துரை தமிழ்99. 1999-இல் தமிழக அரசு ஏற்ற இந்த விசைப்பலகை விண்டோஸ், மேக் இரண்டிலும் இருக்கிறது. மொழி அமைப்பில் தேர்ந்தெடுத்தால் போதும். உயிரெழுத்துகள் இடப்பக்கம், க, ப, ம, த போன்றவை வலப்பக்கம். இரண்டு சுட்டுவிரல்களும் உட்காரும் விசைகளில் சிறு மேடு இருக்கும். இடப்பக்க மேடு புள்ளி, வலப்பக்க மேடு ‘ப’. இந்த இரண்டையும் பார்க்காமல் தொடத் தெரிந்த பிறகு மற்ற விசைகளுக்குப் போகலாம்.

இன எழுத்து

ஒரே எழுத்தை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். அ, ம, ம, ஆ என்று தட்டினால் ‘அம்மா’. ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற ஆகிய இன இணைகளுக்கும் அப்படியே. வ, ண, ட, இ என்றால் ‘வண்டி’. ‘ண’ வர வேண்டிய இடத்தில் பிள்ளை ‘ன’ தட்டினால் ‘வனடி’ என்று வந்து நிற்கும். பிழையை நீங்கள் சொல்ல வேண்டாம், திரையே காட்டிவிடும். பந்து, கன்று, நண்டு, பஞ்சு, பாம்பு என்று தினம் ஐந்து சொல் கொடுங்கள். ‘அன்பு’ போன்ற சொற்களுக்குப் புள்ளி விசையைத் தட்ட வேண்டும் என்பதை அடுத்து சொல்லிக்கொடுக்கலாம்.

வாக்கியம்

சொல் கைவந்ததும் சிறு வாக்கியம். மூன்று விதிகள் போதும். ஒன்று, பன்மைக்குப் பன்மை: ‘மாடுகள் மேய்ந்தது’ அல்ல, ‘மாடுகள் மேய்ந்தன’. இரண்டு, உயிரெழுத்துக்கு முன் ஓர்: ஓர் ஊர், ஒரு மரம். மூன்று, வல்லினம் மிகுதல்: அந்தப் பையன், பாலைக் குடித்தான், கடைக்குப் போனான். மிகா இடங்களின் நீண்ட பட்டியல் மேல்வகுப்புக்கு இருக்கட்டும்.

நிறுத்தக்குறி

‘ராமு மாமா வந்திருக்கிறார்’, ‘ராமு, மாமா வந்திருக்கிறார்’ இரண்டையும் தட்டச் சொல்லி, வந்தவர் யார் என்று கேளுங்கள். காற்புள்ளியின் வேலை அப்போதே புரியும். குறிக்கு முன் இடைவெளி வேண்டாம்; பின்னால் ஓர் இடைவெளி. ‘அவன் எங்கே போனான் என்று தெரியவில்லை’ என்பதில் கேள்விச்சொல் இருந்தாலும் அது கேள்வி அல்ல, முற்றுப்புள்ளிதான்.

தவிர்க்க வேண்டியவை

கால் தரையில் படாத நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள். காலடியில் ஒரு மணை போடுங்கள். ஒருநாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும். வேகப் போட்டி வைக்காதீர்கள். சொல்லைத் தானே முடித்துக்கொடுக்கும் வசதியையும், பேசினால் எழுதும் வசதியையும் இந்த வயதில் அணைத்து வையுங்கள். எழுத்தைக் கூட்டிப் பழகும் வேலையைப் பிள்ளையே செய்ய வேண்டும்.

தட்டச்சு வந்துவிட்டது என்று நோட்டையும் பென்சிலையும் ஓரங்கட்ட வேண்டாம். காலையில் கையால் எழுதிய ஐந்து வாக்கியத்தை மாலையில் தட்டச் சொல்லுங்கள். இரண்டு பயிற்சியும் சேர்ந்தே வளரும்.