வி.பி.என். போட்டால் நான் யாரென்று தெரியாதா?

புதிதாக வந்திருக்கிற பலர் கேட்கிற கேள்வி இது: "போனில வி.பி.என். போட்டிருக்கிறன், இனி நான் எங்க இருக்கிறன், ஆர் எண்டு ஒருத்தருக்கும் தெரியாதுதானே?" பாதி சரி. மற்றப் பாதியைக் கவனிக்காமல் விட்டால் ஊரில் இருக்கிற உங்கள் வீட்டாருக்கும் கரைச்சல் வரலாம்.

உங்களில் பலருக்கு வி.பி.என். புதிதல்ல. 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை நடந்தபோதும், 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் இலங்கையில் பேஸ்புக், வற்ஸ்அப் போன்றவற்றைத் தடுத்தார்கள். அப்போது வி.பி.என். போட்டுத்தான் ஆட்கள் பார்த்தார்கள். ஆனால் தடையைத் தாண்டுவது வேறு, ஆளை மறைப்பது வேறு.

இன்ரநெற்றில் ஒரு பக்கத்தைத் திறப்பது கடிதம் போடுவது மாதிரி. பதில் வரவேண்டுமென்றால் உறையில் அனுப்புகிறவரின் விலாசம் இருக்கவேண்டும். அந்த விலாசம்தான் ஐ.பி. இலக்கம். பழைய வகையில் 0 முதல் 255 வரையான நான்கு எண்கள், இடையில் புள்ளி. புதிய வகை இன்னும் நீளம். அதைப் பார்க்கிறவருக்கு உங்கள் கதவு இலக்கம் தெரியாது. எந்த நாடு, ஏறத்தாழ எந்த நகரம், எந்த இன்ரநெற் கொம்பனி என்பது தெரியும்.

இப்ப, பாரிசில் உங்களுக்கு ஒரு மாமா இருக்கிறார் என்று வையுங்கோ. எழுதிய கடிதத்தை இன்னொரு உறைக்குள் வைத்து ஒட்டி அவருக்கு அனுப்புகிறீர்கள். அவர் வெளி உறையைப் பிரித்து, உள்ளே இருக்கிறதைத் தன்னுடைய விலாசத்தைப் போட்டு அனுப்புகிறார். பதிலும் அவரிடம் போய்த்தான் உங்களிடம் வரும். கடிதம் கிடைத்தவருக்குத் தெரிவது பாரிஸ் விலாசம். உங்கள் தெருத் தபால்காரருக்குத் தெரிவது நீங்கள் மாமாவுக்கு எழுதுகிறீர்கள் என்பது மட்டும். வி.பி.என். செய்கிற வேலை இவ்வளவுதான். ஹொட்டேலிலோ லைப்ரரியிலோ பொது வைஃபை பாவிக்கும்போது, நீங்கள் எந்தத் தளங்களுக்குப் போகிறீர்கள் என்பதை அந்த வைஃபை வைத்திருப்பவர் பார்க்கமுடியாது. பிரித்தானியாவில் இதைப் பாவிப்பது சட்டவிரோதமும் அல்ல.

ஆனால் நீங்கள் யார் யாருக்கு எழுதுகிறீர்கள் என்பது மாமாவுக்குத் தெரியுமே! அதனால் மாமா எப்படிப்பட்டவர் என்று பாருங்கள். ஒனாவோ என்ற இலவச வி.பி.என். ஒன்று இருந்தது. 2013இல் அதை பேஸ்புக் வாங்கியது. ஆட்கள் போனில் வேறு என்னென்ன பாவிக்கிறார்கள் என்று அறிய அதையே பயன்படுத்தியது. 2019இல்தான் அதை நிறுத்தினார்கள். சும்மா கிடைக்கிற வி.பி.என். என்றால் இரண்டு முறை யோசியுங்கள்.

முக்கியமான விசயம் இனித்தான். மாமா மூலம் அனுப்பினாலும், கடிதத்தின் அடியில் உங்கள் பெயரைக் கையெழுத்தாகப் போட்டால் என்ன பிரயோசனம்? வி.பி.என். போட்டுக்கொண்டு சொந்தப் பெயரில் பேஸ்புக்குக்குள் போவது அதுதான். ஊர்வலத்தில் நின்ற படம், பின்னால் தெரிகிற பஸ் தரிப்பிடத்தின் பெயர், நண்பர் உங்கள் பெயரைச் சேர்த்துப் போட்ட பதிவு, "அம்மா" என்று நீங்கள் எழுதிய கொமன்ற், இதில் ஒன்றையும் வி.பி.என். மறைக்காது. போனில் லொகேசன் திறந்திருந்தால் அதையும் மறைக்காது. ஊரிலிருந்து உங்களைத் தேடுகிறவருக்கு ஐ.பி. இலக்கம் எதற்கு? நண்பர் பட்டியல் போதும். அதில் உங்கள் தங்கச்சியின் பெயரும் இருக்கும்.

ஆகவே முதலில் அந்தப் பட்டியலை மற்றவர் பார்க்காதபடி மூடுங்கள். தேவையில்லாத அப்புகளுக்கு லொகேசனை நிறுத்துங்கள். ஆனால் பயத்தில் பழைய பதிவுகளை அழிக்கவேண்டாம். அவை உங்கள் கேஸுக்கு ஆதாரமாக இருக்கலாம். சொலிசிற்றரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அவரிடம் எதையும் மறைக்கவும் வேண்டாம்.

இன்னொன்று. வற்ஸ்அப்பில் ஒருவரோடு கதைக்கும்போது உங்கள் ஐ.பி. இலக்கம் அவருடைய பக்கத்துக்கு நேரே போகக்கூடும். இதற்கு வி.பி.என். இல்லாமலே வழி உண்டு. செற்றிங்ஸ், பிறகு பிரைவசி, பிறகு அட்வான்ஸ்ட். அங்கே 'புரொடெக்ட் ஐ.பி. அட்ரஸ் இன் கோல்ஸ்' என்பதை ஒன் செய்யுங்கள். குரல் கொஞ்சம் தெளிவு குறையலாம். அறியாத நம்பர்களில் இருந்து அழைப்பு வருகிறவர்கள் இதை இன்றைக்கே செய்துவிடுங்கோ. பிடிபடாவிட்டால் போனையும் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வாருங்கள், இருந்து செய்து தரலாம்.