கொல்லிமலைப் பழங்குடிப் பெண்களும் சாமை வகைகளின் பாதுகாப்பும்

நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை, பெருஞ்சாமை எனச் சாமையின் மரபு வகைகளைப் பெயரிட்டு வழங்குகின்றனர். விதைக்குரிய கதிர்களைத் தெரிந்தெடுத்தல், உலர்த்துதல், சேமித்தல் ஆகிய பணிகளில் பெண்களின் பங்கு முதன்மையானது. ஜவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளிச் சாகுபடி பரவியதால் இங்குச் சிறுதானியப் பரப்புச் சுருங்கியது. பணவருவாய் மட்டுமே இதற்குக் காரணமன்று. சாமையின் உமியை நீக்க உரலில் நெடுநேரம் குத்தும் உழைப்பு முழுவதும் பெண்கள்மேல் விழுந்ததும் ஒரு காரணமாகும். வீட்டில் சமைக்கப்படாத தானியத்தின் விதை அடுத்த பருவத்திற்கென எடுத்துவைக்கப்படுவதில்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலையூர்களில் உமி நீக்கும் இயந்திரங்களை அமைத்தமை இச்சுமையைக் குறைக்கும் முயற்சியாகும். ஆகவே, விதைகளைச் சேகரித்து வைப்பதோடு பல்லுயிர்ப் பாதுகாப்பு நிறைவுறாது. அவ்விதைகளை உணவாக்கும் பெண்களின் உழைப்பை எளிதாக்குவதும் அப்பாதுகாப்பின் இன்றியமையாத கூறாகும்.